கிடைக்காத பழமும் காணாத பனியும்

ஓம் சரவணபவ!

மயில் ஏறி உலகத்தையே சுத்திட்டு வந்தார் நம்ம முருகன். வந்து பார்த்தா, அம்மையப்பரை வலம் வந்த அண்ணன் கையில் பழம்! அவ்வளவு பெரிய பயணம், கையில ஒண்ணுமில்லை. கோவிச்சுக்கிட்டு மலையேறினார். அந்த ஏமாற்றத்தில் வந்து நின்ற இடம்தான் மூன்றாம் படைவீடு, பழனி.

போன மார்கழியில் பொட்டிபுரத்திலிருந்து நாங்க நாலு பேர் மூணாறு உறைபனி பார்க்கக் கிளம்பினோம். போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ராத்திரி தங்கி, விடியக்காலை எழுந்தா வானம் முழுக்க மேகம். வானம் தெளிவா இருந்தாதான் தரைச்சூடு மேலே போய்ப் புல் உறையும். மேகம் போர்வை மாதிரி மூடிட்டா உறையாது. அப்புறம் மழை வேற. ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டோம்.

திரும்பும்போது போடிமெட்டு டீக்கடையில் மூணு மணி நேரம் மழைக்கு ஒதுங்கினோம். போன்ல சிக்னல் இல்லை. அப்பதான் ஒரு நண்பன் வாயைத் திறந்தான். ஏலக்காய் விலை இறங்கி அப்பாவுக்குக் கடன், ரெண்டு மாசமா வீட்டில் யாருக்கும் தூக்கமில்லைன்னு. தினமும் குரூப்ல சிரிப்பு பொம்மை போட்டவன்! பனி கிடைச்சிருந்தா செல்ஃபியோட இறங்கியிருப்போம். அவன் பாரம் தெரிஞ்சிருக்காது.

கேட்டது கிடைக்கலைன்னா "ஏன் முருகா?"ன்னு கேளுங்க, தப்பில்லை. கோவிச்சுக்கிட்ட சாமிதானே அவரும்! ஆனா அந்தக் கோபத்தோட நின்னுடாதீங்க, பக்கத்தில இருக்கிறவங்க முகத்தைப் பாருங்க. பழம் கிடைக்காத பிள்ளைதான் இன்னிக்கு மலைமேல நின்னு எல்லாருக்கும் அள்ளிக் கொடுக்கிறார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!