கண்டதும் கற்றதும்

சில திங்களுக்கு முன் நம் சங்கத்தின் செயற்குழுவில் ஒரு கருத்து வேற்றுமை எழுந்தது. ஞாயிறுதோறும் விகாரையில் நடைபெறும் தம்ம வகுப்பைக் குறும்படங்களைக் கொண்டே நடத்திவிடலாம் என்றனர் ஒரு சாரார். பிக்குகள் நம்மூருக்கு வருவது அரிது. பாடஞ்சொல்லத் தகுந்த உபாசகர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர். ஐந்து நிமிடப் படமொன்று ஓர் ஆசிரியரின் ஒரு மணி நேர உழைப்பைச் செய்துவிடுகிறது. எட்டு வயதுச் சிறுவனும் எழுபது வயது மூதாட்டியும் ஒருங்கே அமர்ந்து கண்டு விளங்கிக்கொள்கின்றனர் என்பது அவர்கள் வாதம். மற்றொரு சாரார், திரைக்கும் தம்மத்திற்கும் என்ன தொடர்பு, வேடிக்கை பார்க்கும் இடமா விகாரை என்று வெகுண்டனர். அன்று முடிவொன்றும் ஏற்படவில்லை. ஆயினும் அக்கேள்வி எம்மை விட்டு அகலவில்லை. கற்பித்தலைப் படத்தினிடம் ஒப்படைத்தல் தகுமா? தகுமெனின் எதுவரை தகும்?

வெகுண்டெழுந்த அன்பர்களுக்கு முதலில் ஒன்று கூறுவோம். காட்டிக் கற்பித்தல் நம் சமயத்திற்குப் புதிதன்று. பகவான் தம் மகன் இராகுலனுக்குப் பொய்யாமையை உணர்த்தியபோது நெடிய விரிவுரை எதனையும் முதலில் நிகழ்த்தினாரில்லை. கால் கழுவிய பாத்திரத்தில் எஞ்சிய சிறிதளவு நீரைக் காட்டினார். அந்நீரைக் கொட்டிக் காட்டினார். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார். பின் வெறும் பாத்திரத்தைக் காட்டினார். ஒவ்வொன்றையும் காட்டியவுடன், கண்டனையா என்று வினவினார். கோசம்பியில் சிம்சபா வனத்திலே கையளவு இலைகளை எடுத்துக் காட்டியதும் அவ்வகையினதே. பார்ஹூத் தூபியின் கல்வேலியில் சாதகக் கதைகளைச் செதுக்கிய சிற்பிகள், இன்ன கதை இது என்று பிராமி எழுத்தில் அருகிலேயே பொறித்தும் வைத்தனர். படமும் பெயரும் ஒருங்கே அமைந்த அக்கற்கள் இன்று கல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளன. ஈராயிரம் ஆண்டுகட்கு முன் நம் முன்னோர் கல்லில் செய்ததை இக்காலத்தார் ஒளியில் செய்கின்றனர். இதில் வெகுள்வதற்கு யாதுமில்லை.

இன்னுமொரு காரணம் பற்றியும் குறும்படத்தை நாம் இகழ இயலாது. சூளபந்தகர் வரலாறு நம்மவர் அறிந்ததே. நான்கு திங்கள் முயன்றும் ஒரு செய்யுளை மனத்தில் இருத்த இயலாதவர் அவர். பாடஞ்சொன்னவர் உடன்பிறந்த தமையனாராகிய மகாபந்தகர். அருகதரே ஆயினும் அவர் தம்பியை மடத்தை விட்டு வெளியேறப் பணித்தார். உடன்பிறந்தவர்க்கே அலுத்துப்போயிற்றெனின் பிறரைச் சொல்வானேன்? குறும்படம் அலுப்பதில்லை. பத்தாம் முறை ஓட்டினாலும் முதன்முறை கூறிய அதே இனிமையுடன் கூறும். மடையனே என்று ஏசாது. நம் விகாரைக்கு வரும் மூதாட்டியர் பலர் பள்ளி வாயிலை மிதியாதவர்கள். மிதிக்க விடப்படாதவர்கள் என்பதே உண்மை. பிறர்முன் மறுமுறை கேட்பதற்கு அவர்கள் நாணுகின்றனர். வீட்டில் பேத்தியின் கைப்பேசியில் அதே படத்தை மும்முறை பார்ப்பதற்கு நாணமில்லை. திரைப்பாடலின் அடியில் அப்பாடலின் சொற்களையே அதே மொழியில் ஓடவிட்டால், எழுத்தறிவு குன்றியோரும் பாடலோடு படிக்கப் பழகுவர் என்று 1996-ஆம் ஆண்டு அகமதாபாத்தில் பிரிஜ் கோத்தாரி என்பார் ஒரு முயற்சி தொடங்கினார். பின்னர்த் தூர்தர்சன் பாடல் நிகழ்ச்சியிலேயே அது இடம்பெற்றது. முதியோரைப் பலகை முன் உட்கார வைக்காமலே படிக்க வைக்கும் இத்தகைய வழியை, தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்ட மக்களாகிய நாம் வேண்டாவென்று தள்ளுவது அறியாமையாகும்.

ஆகவே தகும் என்பதில் எமக்கு ஐயமில்லை. எதுவரை என்பதே வினா. அதனை எமக்குக் கற்பித்தவள் ஒன்பது வயதுச் சிறுமி.

அன்றைய வகுப்பில் பகவானின் துறவு பற்றிய நான்கு நிமிடப் படம் ஓடியது. அழகிய படம், குறை சொல்வதற்கில்லை. அரண்மனை, தேர், பின் வழியிலே ஒரு கிழவர், ஒரு நோயாளி, ஒரு பிணம், ஒரு துறவி. குழந்தைகள் வாய் பேசாது பார்த்திருந்தனர். முடிந்தவுடன் அச்சிறுமி எழுந்தாள். "அண்ணா, இருபத்தொன்பது வயதுவரை அவர் ஒரு கிழவரைக்கூடப் பார்க்கவில்லையா? அவருடைய அப்பாவுக்கு வயதாகவில்லையா?" என்று கேட்டாள். வகுப்பை நடத்திய எம்மவர், "படத்தில் அப்படித்தான் இருக்கிறது, உட்காரம்மா" என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த படம் போடப்பட்டது.

இதனை மறைக்காமல் எழுதுகிறோம், தவறு எம்முடையதாதலின். அன்றிரவு எம்முள் ஒருவர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலை எடுத்து முன்னுரையைத் திறந்து காட்டினார். போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர் அங்கு எழுப்பும் முதல் வினாவே இதுதான். நாள்தோறும் எங்கும் நிகழும் மூப்பையும் நோயையும் சாவையும் இருபத்தொன்பது ஆண்டுகள் ஒருவர் காணாதிருந்தார் என்பது அறிவுக்குப் பொருந்துமா என்று அவர் கேட்கிறார். பொருந்தாது என்று கூறி, சாக்கியர்க்கும் கோலியர்க்கும் இடையே உரோகிணி ஆற்று நீர்பற்றி எழுந்த பூசலையே துறவிற்குக் காரணமாகக் காட்டுகிறார். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு தீக்கை ஏற்றவர், வாழ்நாளின் இறுதி ஆண்டுகளைச் செலவிட்டு எழுதிய நூலின் வாயிலிலே வைத்த வினாவை, அந்நூலைக் கண்ணாலும் கண்டிராத ஒரு சிறுமி தானாகவே கேட்டாள். அவர் படத்தை மாட்டி வைத்திருக்கும் மண்டபத்திலேயே நாம் அவளை உட்காரச் சொன்னோம்!

படத்தின் குற்றமன்று இது. அது மரபுவழி வந்த கதையை உள்ளவாறு காட்டிற்று. ஆனால் படத்திற்குக் காது கிடையாது. பேசி முடித்துவிடும், யாராயினும் கேட்டார்களா என்று திரும்பிப் பாராது. கேட்கும் கடமை மனிதரைச் சார்ந்தது. அம்மனிதர் தம் கடமையையும் படத்தினிடம் விட்டுவிடும்போதே தீங்கு தொடங்குகிறது. கேசபுத்த நகரத்துக் காலாமர்கள் வந்துபோன ஆசிரியர் பலரின் மாறுபட்ட உரைகளால் ஐயுற்று நின்றபோது, ஐயுறவேண்டிய இடத்தில்தான் ஐயுற்றீர்கள் என்று பகவான் அவர்களை ஏற்றுக்கொண்டார். செவிவழிச் செய்தி என்பதற்காகவோ, மரபு என்பதற்காகவோ, நூலில் உள்ளது என்பதற்காகவோ, ஆசிரியரின் பெருமைக்காகவோ ஒன்றை ஏற்கவேண்டா என்றார். இக்காலத்தில் அவ்வரிசையில் திரையில் கண்டதையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். செவிவழிச் செய்தியையேனும் மனம் சற்று ஐயுறும். கண்ணால் கண்டதென்றால் ஐயமே எழுவதில்லை. பகவான் திருவுருவத்தின் கீழ் அவர் ஒருபோதும் கூறாத மொழிகளைப் பொறித்துக் கைப்பேசி வழியே அனுப்பும் அன்பர்கள் நம்முள்ளும் இருக்கின்றனர்.

பழைய சமயத்தை நாம் ஏன் விட்டோம் என்பதை எண்ணிப்பார்ப்போம். தீண்டாமையின் கொடுமை ஒன்று. கேட்காதே, சொன்னதை நம்பு என்ற கட்டளை மற்றொன்று. பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, வழங்கிவந்த கதைகளையெல்லாம் பிடித்து நிறுத்தி, இது எவ்வாறு வந்தது, யார் சொன்னது என்று வாரந்தோறும் விசாரணை செய்தார். அச்சு இயந்திரம் அன்றைக்குப் புதிய கருவி. அக்கருவியைக் கொண்டு அவர் மக்களை வாய்மூடி இருக்கச் செய்யவில்லை, வினவச் செய்தார். அவர் வழிவந்தோம் என்று கூறிக்கொள்ளும் நாம் அதைவிட வல்லமை மிக்க கருவியைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைகளை உட்காரச் சொல்வோமாயின், மதம் மாறிய பயன் யாது?

முதியவர் ஒருவர் வகையில் நேர்ந்ததையும் கூறவேண்டும். நம் தங்கவயலில் சுரங்கம் 2001-ஆம் ஆண்டு மூடப்படும்வரை நிலத்தடியில் உழைத்தவர் அவர். கல்தூசு நுரையீரலில் படிந்து, மாடிப்படி ஏறினால் மூச்சுத் திணறும். தியானம் பயிற்றும் படமொன்று, மூச்சை ஆழமாக இழுங்கள், நீளமாக விடுங்கள் என்று மென்குரலில் சொல்லிக்கொண்டே போயிற்று. பெரியவர் இழுத்துப் பார்த்தார், இருமல் வந்தது. மீண்டும் முயன்றார். பின் தமக்கு இது கிட்டாது என்று எழுந்து வெளியே போய்த் திண்ணையில் அமர்ந்துகொண்டார். ஆனாபானசதி என்பது மூச்சைப் பிடித்து இழுக்கும் பயிற்சியே அன்று. நெடுமூச்சாயின் நெடுமூச்சென்று அறிதல், குறுமூச்சாயின் குறுமூச்சென்று அறிதல், அவ்வளவே. அவருடைய குறுமூச்சு தம்மத்திற்குப் போதுமானது. ஆசிரியரொருவர் எதிரில் இருந்திருப்பின் முதல் இருமலிலேயே நிறுத்தி இதனைக் கூறியிருப்பார். ஆயிரமாயிரம் பேருக்கெனச் செய்யப்பட்ட படம் இந்த ஒருவரின் நெஞ்சை எவ்வாறு அறியும்?

படத்தையும் மனிதரையும் இணைத்துப் பயன்கண்டவர் நம் நாட்டிலேயே உளர். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், கர்நாடகம் உள்ளிட்ட 6 மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகக் கல்வி நிகழ்ச்சிகளைக் காட்டினர். அது மேலிருந்து கீழே பொழியும் மழை போன்றது. 2006-இல் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூட முயற்சியாகத் தொடங்கிய 'டிஜிட்டல் கிரீன்' என்பது வேறு வழியை மேற்கொண்டது. உழவர் ஒருவர் தம் நிலத்திலே தாம் செய்வதைத் தாமே விளக்கச் சில நிமிடப் படம் எடுப்பர். அண்டை ஊர்களில் சிறு கூட்டங்களுக்கு அதைக் காட்டுவர். காட்டுபவர் இடையிடையே படத்தை நிறுத்தி, இது விளங்கிற்றா, உங்கள் நிலத்தில் இது நடக்குமா என்று கேட்பார். யார் செய்து பார்த்தார் என்று பின்னர் விசாரிப்பார். பார்த்தவர்கள் முதலில் கேட்பது, அவர் பெயர் என்ன, எந்த ஊர் என்பதாம். சொல்பவர் தம்மைப் போன்றவரா என்று அறிந்தபின்னரே சொல்லை எடைபோடுகின்றனர். இராகுலனிடம் ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும், கண்டனையா என்று கேட்டாரே, அக்கேள்வியின் இடம் இதுவே.

ஒரு படத்தைவிட அதற்கடுத்துத் தானாகவே வந்து நிற்கும் படத்தையே நாம் மிகுதியும் அஞ்சுகிறோம். ஒன்று முடியுமுன் மற்றொன்று. விரல் தள்ளத் தள்ள முடிவில்லை. வேட்கையின் இயல்பை விளக்க இதனினும் சிறந்த உவமை பழைய நூல்களில் இல்லை என்று எம் நண்பரொருவர் வேடிக்கையாகச் சொல்வார். கல்விப் படமாயினும் பத்தை அடுக்கிப் பார்த்தவனுக்குக் கற்ற நிறைவு மட்டும் இருக்கும். மறுநாள் கேட்டால் ஒன்றும் நில்லாது. எனவே நம் வகுப்பில் இப்போது ஒரு நாளைக்கு ஒரு படமே. அது ஓடும் நேரத்தைக் காட்டிலும் பேசும் நேரம் கூடுதலாக இருக்கவேண்டும் என்று வைத்திருக்கிறோம். நடுவில் நிறுத்தும் உரிமை யாவர்க்கும் உண்டு. தொடக்கத்தில் யாரும் நிறுத்தவில்லை. பின்னர்ச் சிறுவர்கள் வேண்டுமென்றே நிறுத்தி விளையாடினர். இப்போது ஓரளவு செம்மைப்பட்டுள்ளது. திண்ணையில் அமர்ந்துவிட்ட பெரியவரிடம் சென்று குறுமூச்சு பற்றிக் கூறினோம். அவரும் திரும்பி வந்து அமர்கிறார்.

சென்ற திங்கள் அச்சிறுமியின் கேள்வியை அவளையே மீண்டும் கேட்கச் செய்தோம். அன்று படம் போடவில்லை. நான்கு காட்சிகளின் கதையையும் உரோகிணி நீர்ப் பூசலின் கதையையும் அடுத்தடுத்துச் சொல்லி, எது பொருந்துகிறது என்று அவர்களையே கேட்டோம். தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்துப் பழகிய நம் தாய்மார் இரண்டாவது கதையை உடனே பற்றிக்கொண்டனர். ஒரு மூதாட்டி மட்டும் ஒப்பவில்லை. தம் கணவர் இறக்கும்வரை சாவைத் தாம் பார்த்தும் பாராதவராகவே இருந்ததாகவும், பகவானும் அவ்வாறே இருந்திருக்கலாம் என்றும் அவர் கூறினார். அதற்கு மறுமொழி சொல்ல எம்மிடம் ஒன்றுமில்லை. சுரங்கத்துப் பெரியவர், "சித்தார்த்தர் நாட்டை விட்டுப் போனார், சரி, அந்தத் தண்ணீர் கடைசியில் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?" என்று கேட்டார். விடை பாபாசாகேப்பின் நூலிலேயே சில பக்கங்கள் தள்ளி இருக்கிறது. நாம் அதைச் சொல்லவில்லை. நூலை அச்சிறுமியிடம் கொடுத்து, அடுத்த ஞாயிறன்று தாத்தாவிற்குப் படித்துக் காட்டுமாறு அனுப்பினோம்.