கடிபட்ட பரிகள்

என் தாத்தா துரைக்குக் குதிரைக்காரராக இருந்தவர். இலங்கையின் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் துரைமார் குதிரையேறி மலை பார்த்த காலம் அது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் குதிரை கட்டிய லாயத்துக்கும் எழுத்தில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். தாத்தா இருந்த தோட்டத்தில் லாயம் ஒழுகாது, லயம் ஒழுகும்.

குதிரை எப்படிப் பழகுகிறது என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். அதன் வாயில் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத ஈறு உண்டு. கடிவாள இரும்பு அங்கேதான் உட்காரும். வாரை இழுத்தால் நாக்கும் ஈறும் நசுங்கும். சொன்ன பக்கம் திரும்பினால் இழுப்பு தளரும். "வலி நிக்கிறதுதான்டா அதுக்குச் சம்பளம்" என்பார். அவர் இருமினாலே அந்தக் குதிரை கனைக்குமாம். அந்த அன்பும் பொய்யில்லை.

மார்கழியில் எங்கள் மாரியம்மன் கோயிலில் திருவெம்பாவை பாடுகிறவன் நான். அதைப் பாடிய வாதவூரர் கதையில் எனக்கு ஒரு முள் உண்டு. இறைவன் திருவிளையாடலால் நரிகள் பரிகளாகிப் பாண்டியனின் மதுரைக்கு வந்தன; இரவில் மறுபடி நரிகளாகி, லாயத்தில் கட்டிக்கிடந்த பழைய குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடின. ஆவணி மூலத்தில் மதுரையில் இந்த லீலையை இன்றும் நடத்துகிறார்கள். இறைவன் சோதித்தது பாண்டியனை. கட்டை அவிழ்க்க முடியாமல் கடிபட்டவை குதிரைகள். வாதவூரருக்காக உருகும் நாம் அவற்றை எண்ணுவதில்லை. பாண்டி நாட்டுக்குக் கப்பலில் வந்த குதிரைகள் பராமரிப்புத் தெரியாமல் செத்ததை மார்க்கோ போலோவும் எழுதிவைத்திருக்கிறார்.

சைவ சித்தாந்தம் என்னையும் பசு என்கிறது. பாசம் என்றால் கயிறு. கட்டுண்ட உயிர் என்ற வகையில் நானும் குதிரையும் ஒரே தொழுவம். இதைச் சொன்னால் கோயிலில் ஒரு பெரியவர், "அது வினைப்பயன் தம்பி, சுமக்கப் பிறந்தது சுமக்கட்டும்" என்பார். கொழுந்துக்கூடை சுமந்த என் அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னார்கள். ஆகவே அந்தப் பதிலை நான் வாங்கிக்கொள்வதில்லை.

மிருகத்தில் ஏறுவதே பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நந்தி மேல் வருகிறவனைக் கும்பிடுகிறவன் நான். என் கேள்வி வேறு: மாட்டேன் என்று சொல்ல அதற்கு இடமுண்டா? 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் செயின்ட் பாய் என்ற குதிரை தாண்ட மறுத்தது. சீட்டுக் குலுக்கலில் அதைப் பெற்ற ஜெர்மன் வீராங்கனை அழுதுகொண்டே சவுக்கால் அடித்தார். பயிற்சியாளர் அதை முஷ்டியால் குத்தினார். நவீன ஐந்திறன் போட்டியிலிருந்தே பிறகு குதிரையேற்றத்தை நீக்க முடிவெடுத்தார்கள். 2024இல் பாரிஸ் போட்டிக்குச் சில நாள் முன்பு, பயிற்சியில் குதிரையின் கால்களில் சவுக்கால் அடித்த வீடியோ வெளிவரப்போவதால் ஷார்லட் டுஜார்டின் விலகினார். குதிரையை நடனம்போல நடக்கவைக்கும் கலையில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர் அவர்.

போன ஏப்ரல் சீசனுக்குப் பேத்தியை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனேன். கிரகரி வாவிக் கரையில் மட்டக்குதிரைச் சவாரி. காசு கொடுத்தவன் நான்தான். ஒரு சுற்று முடிந்து வார் தளர்ந்ததும் குதிரை வாயைத் திறந்து மூடி, நாக்கால் இரும்பைத் துழாவியது.

"தம்பி, இது என்னைக்காவது வரமாட்டேன்னு நின்னா?"

பையன் சிரித்தான். "அது எப்படி ஐயா நிக்கும்?"

பேத்தி இன்னொரு சுற்று கேட்டாள்.