சட்டைப் பையில் ஒரு கத்தி

பேனாக்கத்தி வைத்துக்கொள்ளாத மனிதனிடம் எனக்குச் சற்று அவநம்பிக்கை உண்டு. கயிறு அறுக்கவும், மாங்காய் நறுக்கவும், பார்சல் பிரிக்கவும் அவன் பக்கத்து வீட்டு வாசலில்தான் வந்து நிற்பான்.

நல்ல மடக்குக் கத்தியைப் பொறுக்கி எடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அலகு சுட்டுவிரல் நீளம் இருந்தால் போதும். திறக்கும்போது நகத்தோடு கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். திறந்த பிறகு ஆடக் கூடாது. துருப்பிடிக்காத எஃகு பார்வைக்கு அழகு. ஆனால் சாணைக்கல்லுக்குச் சீக்கிரம் இணங்கி வருவது பழைய கார்பன் எஃகுதான். மாங்காய்ப் புளிப்புப் பட்டுக் கறுத்துப் போகும்; போகட்டும். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் பட்டன் கத்தி மட்டும் வேண்டாம். மாங்காய்க்கு அத்தனை அவசரம் கிடையாது.

சரி, இதைப் பையில் போட்டுக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனில் நடக்கலாமா? 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தாக்கவோ தற்காத்துக்கொள்ளவோ ஆயுதமாகச் செய்யப்பட்ட பொருளைத்தான் ஆயுதம் என்கிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்டவற்றை விலக்கிவிடுகிறது. அட்டவணையில் கத்திக்குச் சொன்ன அளவு 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலத்துக்கு மேல். அதிலும் வீட்டுக் கத்திக்கும் தொழில் கத்திக்கும் விலக்கு உண்டு. முன்பு 144 என்று பேர்பெற்ற தடை உத்தரவு அமலில் உள்ள நாட்களில் கதை வேறு. மற்ற நாட்களில் என் கத்தி நிரபராதி.

ஆனால் சட்டம் இங்கே ஒரு வேடிக்கை செய்கிறது. இரும்பைப் பார்த்து, ‘நீ எதற்காகப் பிறந்தாய்?’ என்று கேட்கிறது. தாமிரபரணிக் கரையில் இந்தக் கேள்விக்கு இரும்பு என்ன பதில் சொல்லும்? பத்தமடையில் பாய்க்குக் கோரையைக் கிழிப்பது ஒரு கத்தி. பனையேறி இடுப்பில் இருப்பது பாளை அரிவாள். வயலில் நெல் அறுப்பது ஒன்று, வாழைத்தார் வெட்டுவது ஒன்று. சுடலைமாடன் கையில் நிற்பதும் அரிவாள்தான். சரஸ்வதி பூஜை அன்று இவை அத்தனைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ‘ஆயுத பூஜை’ என்கிறோம். கருவிக்கும் ஆயுதத்துக்கும் நம் பாஷையே வேலி போடவில்லை.

வேலி போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. பாஞ்சாலங்குறிச்சி விழுந்த 1801-ஆம் வருஷம் டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் விடுத்து, தென்சீமையில் ஆயுதங்களுக்குத் தடை போட்டான். ஜனங்களின் கையைக் கட்டிவிட்டால் மனசும் அடங்கிவிடும் என்ற கணக்கு அது. 2021-இல் நம் போலீசார் வேறு வழி பார்த்தார்கள். கத்தி வாங்குகிறவரின் பேரையும், எதற்கு வாங்குகிறார் என்பதையும் பட்டறைக்காரர் எழுதி வைக்க வேண்டும் என்றார்கள். கொலைகள் நடந்த சமயம். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்த பிள்ளைகள். காரணம் சாதி. அதை ஒட்டி அமைந்த நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அரிவாளை விட்டு, மணிக்கட்டில் கட்டும் வர்ணக் கயிற்றைப் பற்றியும் பள்ளிக்கூடத்தின் பேரில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதியைப் பற்றியும் அது பேசியது. கயிற்றால் யாரையும் வெட்ட முடியாதே என்று ஒருவர் கேட்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கு, எந்தக் கழுத்தில் வெட்டுவது என்று காட்டிக் கொடுத்தது எது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அந்தக் கயிறு கட்டாத பெரியவர்களும் அதே கணக்கில்தான் பார்க்கிறோம். இந்தக் கத்தி என் பையில் இருந்தால் பேனாக்கத்தி. லாரி கிளீனர் பையில் இருந்தால் வெறும் கத்தி. மடித்துக் கட்டிய வேட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கும் இளைஞனிடம் இருந்தால், அவன் எந்தத் தெரு என்று விசாரித்த பிறகு, அது ஆயுதமாகிவிடுகிறது. அலகு மூன்று இடத்திலும் அதே மூன்று அங்குலம். யாரும் அளந்து பார்ப்பதில்லை.

பட்டறைக்காரரின் அந்த நோட்டுப் புத்தகத்தை நினைத்துப் பார்க்கிறேன். ‘எதற்கு?’ என்ற கட்டத்தில் தோட்டக்காரர் ‘வாழைத்தார் வெட்ட’ என்று எழுதுவார். அடுத்த வரியில் வேறொருவனும் ‘வாழைத்தார் வெட்ட’ என்றே எழுதிவிட்டுப் போவான்.