தாங்குகிறவர்களிடம் பேசுவது

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சித்தப்பாவின் தென்னந்தோப்பு அன்றோடு போனது. தாத்தா கப்பலேறி மலாயா வந்தபோது ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய தம்பியின் மகன் அவர்.

கிள்ளானிலிருந்து போன் செய்தேன். "நீங்க விவசாயிங்க சித்தப்பா, எதையும் தாங்கிடுவீங்க" என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "தாங்காம என்னப்பா பண்றது?" என்றார்.

பருவநிலை பற்றிய கட்டுரைகளில் 'தாங்குதிறன்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் ஒருவரை 'எதையும் தாங்குவார்' என்று புகழ்ந்துவிட்டால், அடுத்த சுமையையும் அவர் தலையில் வைக்க நமக்குக் கூச்சம் இருக்காது. நாட்டுத் தென்னை காய்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அதுவரை வீட்டில் அடுப்பு எரிவதற்கு மனஉறுதி மட்டும் போதுமா?

அப்படியென்றால் விவசாயிகள் வெறுமனே பரிதாபத்துக்குரியவர்களா? அதுவும் இல்லை. அதே டெல்டாவில், திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில், நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தினார். 2 கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்கிப்போகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். வெள்ளத்துக்கு ஈடுகொடுக்கும் மாப்பிள்ளைச் சம்பா, உவர் மண்ணில் விளையும் களர்ப்பாளை என்று 170-க்கும் மேற்பட்ட ரகங்களை அவர் மீட்டார். கஜா அடித்து மூன்று வாரத்தில், டிசம்பர் 6 அன்று, காலமானார்.

அந்த 2 கிலோ கணக்கைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். ஒருவர் வயல் மூழ்கினாலும் அதே விதை இன்னொருவர் வயலில் இருக்கும். அங்கே யாரும் தனியாகத் தாங்கவில்லை. வாங்கியவர்கள் எல்லோரும் கடன்பட்டிருந்தார்கள்.

நானும் கடன்பட்டவன்தான். கடலைச் சூடாக்கும் புகையில் என் காரின் புகையும் உண்டு. நான் என்ன திருப்பித் தந்தேன்? ஒரு பாராட்டு.

அடுத்த வருஷம் சித்தப்பா மறுபடி கன்று வைத்தார். இந்த முறை நான் புகழவில்லை.

"கன்னுக்கு எவ்வளவு ஆச்சு சித்தப்பா?"

"எதுக்குடா கேக்குற?"

"பாதி நான் தரேன்."

"தர்மமா?"

"இல்ல, பாக்கி."

அவர் சிரித்தார். தொகையையும் சொன்னார். அனுப்பினேன். கணக்கு அதோடு தீர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.