பாத்திக்கும் மழைக்காலம் உண்டு

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய டீக்கடையில் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். 2004 சுனாமியின்போது நிவாரண மூட்டை தூக்க வந்தவர். அப்புறம் இந்தப் பக்கத்தை விட்டுப் போகவே இல்லை. மனு எழுதுவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, ஸ்டேஷன் வாசலில் நிற்பது என்று இருபது வருஷம் ஓடிவிட்டது.

"2023 மே மாசம் எக்கியார்குப்பத்துல கள்ளச்சாராயச் சாவு நடந்துச்சே... போன் மேல போன். ஒருத்தர், ரெண்டு பேர், நாலு பேருன்னு சொல்லிட்டே இருந்தாங்க. எனக்கு அழுகை வரலை சார். கோபமும் வரலை. பேரை மட்டும் எழுதிக்கிட்டேன். அன்னிக்குத்தான் பயந்துட்டேன். நான் கல்லாயிட்டேனா?"

இல்லை, தேய்ந்திருக்கிறார். நான் பி.காம். படித்தவன். மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் தேய்மானம் கழிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரும்புக்கே தேய்மானம் எழுதுகிறோம். அடுத்தவருக்காகத் துடிக்கிற மனசுக்கு எந்த லெட்ஜரிலும் இடமில்லை.

"கொஞ்ச நாள் லீவு போடுங்களேன்" என்றேன்.

"நின்னா ஊர் என்ன சொல்லும்?" என்றார்.

அந்தப் பயம் வீண் பயமல்ல. இரோம் ஷர்மிளாவை நினைத்துப் பாருங்கள். ராணுவத்துக்குத் தனி அதிகாரம் தரும் சட்டத்தை நீக்கச் சொல்லி, மணிப்பூரில் 2000 நவம்பரில் உண்ணாவிரதம் தொடங்கினார். மூக்கில் குழாய் செருகி உணவு ஏற்றினார்கள். 2016 ஆகஸ்டில், 'இனி தேர்தல் வழியில் போராடுகிறேன்' என்று முடித்துக்கொண்டார். இரும்புப் பெண்மணி என்று கைதட்டியவர்களில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 2017 தேர்தலில் அவருக்கு விழுந்த ஓட்டு 90. நாம் நேசித்தது அவரையா, அவருடைய பட்டினியையா?

'சாவு லீவு போடுவதில்லையே, போராடுகிறவர் மட்டும் போடலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் எதிரிலேயே இருந்தது. ஐப்பசி மழையில் உப்புப் பாத்திகள் மூழ்கிவிடும். மாதக்கணக்கில் உப்பு வார முடியாது. தை பிறந்ததும் தண்ணீரை வடித்து, சேற்றை அள்ளி, தரையை மிதித்துக் கெட்டியாக்கி மறுபடி தொடங்குவார்கள். உப்பளத்தைக் கைவிட்டார்கள் என்று யாரும் அவர்களைச் சொல்வதில்லை.

ஆனால் ஒன்று. வேலையில்லாத அந்த மாதங்களில் அடுப்பு எரிய வேண்டுமே? அதற்காகத்தான் 2022-ல் தமிழக அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தரத் தொடங்கியது. ஒருவர் ஓய்வெடுக்க, இன்னொருவர் கொஞ்சம் பாரம் ஏற்கத்தான் வேண்டும்.

நண்பரின் ஓய்வுக்கும் அதேதான். அவர் தனியாக முடிவெடுத்தால் மட்டும் போதாது. இருபது வருஷமாக அவரை 'தியாகி' என்று புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிய என்னைப் போன்றவர்கள்தான் விலை தர வேண்டும்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். "கொஞ்ச நாள் முடியலைங்க" என்று அவர் சொன்னால், 'எப்ப திரும்பி வருவீங்க?' என்று கேட்காதீர்கள்.

'எந்த வேலையை நான் பார்த்துக்கட்டும்?' என்று கேளுங்கள்.