பந்தய அட்டவணை போடுவது பாவமா?



கல்லூரியில் படிக்கும் நம் வாலிபர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய வகுப்பில் ஒரு செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு குதிரைப் பந்தய மைதானம், ஒரே நாளில் எட்டுப் பந்தயங்கள், இத்தனை குதிரைகள், இத்தனை ஜாக்கிகள். எது எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்று கணினியில் ஒரு கால அட்டவணை வகுக்க வேண்டும். “சாமி, பந்தயம் கட்டுகிறவர்களுக்காக நடக்கும் காரியத்துக்கு நான் அட்டவணை போட்டுக் கொடுப்பது பாவம் ஆகாதா?” என்பது அவருடைய கேள்வி.

இது ஒரு மாணவருடைய கேள்விதானே என்று தள்ளிவிடக் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்து நம் பிள்ளைகள் இன்று டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் மட்டும் வேலைக்குப் போவதில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்று பிறருக்காகத் திட்டம் வகுத்துக் கொடுக்கும் உத்தியோகங்களில் அமர்கிறார்கள். நான் வகுத்துக் கொடுக்கும் திட்டத்தால் யாருக்கோ நேரும் தீமைக்கு நான் எவ்வளவு தூரம் பொறுப்பாளி? இந்தக் கேள்வி நம் வீடுகள் எல்லாவற்றிலும் ஒருநாள் எழத்தான் செய்யும்.

முதலில் எளிய பதிலைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் அந்த அட்டவணையைப் போடுவது பாவம் அன்று. ஒரு செயல் நல்லதா தீயதா என்று அறிய, அந்தச் செயல் எத்தகையது, எந்த நோக்கத்தோடு செய்யப்படுகிறது, எந்தச் சூழ்நிலையில் செய்யப்படுகிறது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் காட்டிய வழி. அட்டவணை போடுவது தன்னிலே நன்றும் அன்று, தீதும் அன்று. மாணவருடைய நோக்கம் பாடம் கற்பது. வகுப்பறையில் குதிரையும் இல்லை, பணமும் இல்லை. ஆகையால் அவர் மனச்சாட்சி கலங்க வேண்டியதில்லை.

சரி, அதே அட்டவணையை உண்மையான மைதானத்துக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுக்கிறவர்? இங்கே அர்ச். அல்போன்ஸ் லிகோரியார் தெளிவுபடுத்திய ஒரு வேறுபாடு நமக்கு உதவும். பிறர் செய்யும் தீமையைத் தானும் விரும்பி அதற்குத் துணைபோவது ஒன்று. தீமையை விரும்பாமல், தன் பிழைப்புக்கான வேலையைச் செய்ய, அதைப் பிறர் தீமைக்குப் பயன்படுத்துவது இன்னொன்று. முன்னது எப்போதும் குற்றம். பின்னது குற்றமா என்பது, அந்த வேலை தீமைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது, அதைச் செய்யத் தக்க காரணம் உண்டா என்பதைப் பொறுத்தது. லாயத்தில் புல் போடுகிறவரையும், பணத்தை வைத்து இழக்கும்படி பிறரைத் தூண்டி விளம்பரம் எழுதுகிறவரையும் நாம் ஒரே தராசில் நிறுத்துவதில்லை.

நிற்க. பந்தயம் கட்டுவதே தீமையா என்று நீங்கள் கேட்கலாம். எப்போதும் அன்று என்பதே திருச்சபையின் போதனை. யூதாசின் இடத்துக்கு மத்தியாஸ் தெரிந்துகொள்ளப்பட்டதும் சீட்டுப் போட்டுத்தான். பந்தயம் நியாயமானதாக இருக்க நம் ஒழுக்க சாஸ்திர ஆசிரியர்கள் நான்கு நிபந்தனைகள் சொன்னார்கள். வைக்கும் பணம் முழுவதும் அவனுடையதாய் இருக்க வேண்டும். அவன் கட்டாயமின்றி வைக்க வேண்டும். வஞ்சகம் கூடாது. இரு தரப்புக்கும் வாய்ப்பு ஏறக்குறையச் சமமாய் இருக்க வேண்டும். 1992-ல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் இதையே சொல்கிறது. தனக்கும் பிறருக்கும் அவசியமானதைப் பறிக்கும்போது பந்தயம் ஒழுக்கத்துக்கு ஒவ்வாததாகிறது என்றும், அந்த வெறி மனிதனை அடிமையாக்கக் கூடும் என்றும் எச்சரிக்கிறது.

இந்த நான்கில் முதலாவதை நம் ஊர்ச் சம்பளக் கவரோடு பொருத்திப் பாருங்கள். சம்பள நாளில் ஒரு தொழிலாளி வீட்டுக்குக் கொண்டுவரும் பணம் முழுவதும் அவருடையதா? அதில் ஒரு பங்கு மளிகைக் கடைக்கு உரியது. ஒரு பங்கு வீட்டு வாடகை, ஒரு பங்கு பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ஒரு பங்கு மனைவி கட்டும் சீட்டு. “என் பணம், நான் விடுகிறேன்” என்று சொல்கிறவர் பெரும்பாலும் தம்முடையதல்லாத பணத்தைத்தான் விடுகிறார். திருவள்ளுவர் சூதைப் பற்றிய 94-ம் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில்தான் வைத்தார். சூது ஒருவனுடைய தனிப்பட்ட ஒழுக்கக் குறைவோடு நின்றுவிடுவதில்லை, குடும்பத்தின் பொருளையே கரைத்துவிடுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? கிண்டியில் குதிரைப் பந்தயத்தின் வரலாறு 1777-ம் ஆண்டுவரை பின்னோக்கிச் செல்கிறது. 1974-ல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அது நீதிமன்றம் சென்று, இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. கடைசியில் 1996 ஜனவரி 12-ந் தேதி உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததன்று, ஆகையால் அது சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் தீர்ப்பை மதிக்கிறோம். ஆனால் குதிரைக்கும் ஜாக்கிக்கும் திறமை இருப்பதால் தோற்றவர் வீட்டு அரிசிப் பானை நிறைந்துவிடுவதில்லை. சட்டம் அனுமதிப்பது ஒன்று, மனச்சாட்சி அனுமதிப்பது வேறொன்று.

இப்போது அந்த அட்டவணையை நாமே ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 1,200 மீட்டர் ஓட்டம் ஏறக்குறைய ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. 2,400 மீட்டர் ஓட்டத்துக்குச் சுமார் இரண்டரை நிமிடம். எட்டு ஓட்டங்களையும் கூட்டினாலும் குதிரைகள் ஓடும் நேரம் கால் மணிக்குள் அடங்கும். ஆனால் ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் வழக்கமாக விடும் இடைவெளி அரை மணி. அப்படி ஏழு இடைவெளிகள். ஆக மூன்றரை மணி நேரம் நடக்கும் ஒரு காரியத்தில் கால் மணிதான் ஓட்டம்.

மீதி நேரம் எதற்கு? ஜாக்கிகளை எடை பார்க்க வேண்டும், சேணம் பூட்ட வேண்டும், குதிரைகளை நடத்திக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் ஒரே நாளில் ஒரு குதிரையை இரண்டு முறை ஓடவிடுவதில்லை. ஆகையால் ஓர் ஓட்டம் நடக்கும்போதே அடுத்ததற்குரிய குதிரைகளை ஆயத்தம் செய்ய முடியும். அந்த அரை மணியில் பெரும்பகுதி, வென்றவர் பணம் வாங்கவும், தோற்றவர் அடுத்ததில் விட்டதைப் பிடித்துவிடலாம் என்று மீண்டும் பணம் கட்டவும் ஒதுக்கிய நேரம். ஓர் ஊர்ப் பந்தயத்தின் மேல் வேறோர் ஊரிலிருந்து பணம் கட்டும் வழக்கமும் உண்டு. அதற்காகப் பெங்களூர் ஓட்டமும் ஐதராபாத் ஓட்டமும் ஒரே நிமிடத்தில் வராதபடி நேரம் குறிப்பார்கள். அந்தக் குதிரைகள் ஒன்றையொன்று சந்திக்கப்போவதில்லை. இரண்டிலும் பணம் கட்டுகிறவர் ஒரே ஆள் என்பதுதான் காரணம்.

கணக்கையும் பாருங்கள். ‘டோட்’ என்னும் முறையில் எல்லாருடைய பணமும் ஒரே தொகையாகச் சேர்கிறது. அதிலிருந்து வரியையும் நிர்வாகத்தின் பங்கையும் முதலில் எடுத்துவிட்டு, எஞ்சியதை வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். 100 பேர் ஆளுக்கு 10 ரூபாய் கட்டி, அதில் ஐந்தில் ஒரு பங்கு எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 ரூபாய் உள்ளே போய் 800 ரூபாய்தான் வெளியே வரும். எந்தக் குதிரை வென்றாலும், அந்த நூறு பேரும் ஒரு கூட்டமாய்த் தோற்றே போகிறார்கள்.

ஆக, அந்த அட்டவணையில் குதிரைக்கு ஒரு கட்டம் உண்டு, ஜாக்கிக்கு ஒரு கட்டம் உண்டு, தூரத்துக்கும் எடைக்கும் கட்டம் உண்டு. முழு ஏற்பாட்டுக்கும் பணம் கொடுக்கிற தோற்றவருக்குக் கட்டம் இல்லை. அவருடைய மனைவி மக்களுக்கும் இல்லை. நான் இந்த வாரம் உங்கள் முன் வைக்க விரும்புவது இந்த ஒன்றைத்தான்: ஒரு திட்டம் நேர்மையானதா என்று அறிய, அதில் எழுதியிருப்பதை மட்டும் படித்தால் போதாது. அதன் பாரத்தைச் சுமந்தும் அதில் எழுதப்படாதவர் யார் என்று கேட்க வேண்டும்.

பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு இதை வேறு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. டேனரிகளின் கணக்குப் புத்தகத்தில் பச்சைத் தோலுக்கும், சுண்ணாம்புக்கும், குரோமுக்கும், கூலிக்கும், கப்பல் செலவுக்கும் பத்தி இருந்தது. கால்வாயில் ஓடிய கழிவுநீருக்குப் பத்தி இல்லை. அதன் விலையைக் கிணறு கெட்ட உழவரும் குடிநீர் இழந்த கிராமமும் கொடுத்தார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற நெறியை நாட்டின் சட்டமாக உறுதிசெய்து, டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அந்தக் கணக்கை எழுதியவர்கள் யாரும் கொடியவர்கள் அல்லர். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகத்தான் போட்டார்கள். ஒரு பத்தியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

“நம் திருவிழாக்களில் குலுக்கல் சீட்டு விற்பதில்லையா, சாமி?” என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. சட்டத்துக்கு உட்பட்டு, எதற்காக என்று சொல்லி, சிறு தொகைக்கு விற்றால் அது பெரும்பாலும் காணிக்கை போன்றதே. ஆனால் கொடுக்க இயலாத ஏழையை வெட்கப்படுத்தி நாலு சீட்டு வாங்க வைத்தால், புனிதரின் பெயரால் நடந்தாலும் அது அநியாயந்தான்.

இன்றைக்கு இந்த ஆபத்து மைதானத்தை விட்டுக் கைப்பேசிக்குள் வந்திருக்கிறது. பந்தய மைதானத்தில் அரை மணி இடைவெளியாவது இருந்தது. வீடு திரும்பும் இரயிலில் உட்கார்ந்து மனம் வருந்த நேரமாவது கிடைத்தது. கைப்பேசிச் சூதில் இடைவெளியே இல்லை. தமிழ்நாட்டில் 2022-லும், நாடு முழுமைக்கும் 2025-லும் இதற்கென்று சட்டங்கள் வந்தன. சட்டம் வேலியாகும், ஆனால் அவ்விளையாட்டை நிமிடம் நிமிடமாக வகுத்துக் கொடுக்கும் மூளை ஒரு படித்த பிள்ளையினுடையது. இரவு ஒரு மணிக்கு மேல் ஒருவர் இழந்துகொண்டே இருந்தால் அவரை நிறுத்துவதா, இன்னும் சிறிது விளையாடத் தூண்டுவதா என்பதைத் தீர்மானிப்பது அப்பிள்ளை எழுதும் ஒரு வரிதான்.

ஆகையால் மாணவர்களே, கொடுத்த பாடத்தை நன்றாகவே செய்யுங்கள். அரைகுறையாய்ச் செய்வது புண்ணியம் அன்று. மனம் ஒப்பவில்லையானால், ஆசிரியரிடம் பணிவோடு வேறு பொருள் கேளுங்கள். ஒரு தெருவின் குழாய்த் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடுவதும், ஒரு மருத்துவமனைச் செவிலியர்களுக்கு இரவுப் பணி பிரிப்பதும் இதே கணக்குத்தான். எதை எடுத்தாலும், முடித்தபின் யாருக்கு இதனால் பாரம் என்று ஒரு பத்தி கூடுதலாக எழுதுங்கள். மதிப்பெண் வராவிட்டாலும் அந்தப் பழக்கம் வாழ்நாள் முழுவதும் உதவும்.

பெற்றோரே, பிள்ளை இப்படிக் கேள்வி கேட்டால், “மார்க்கு வாங்குகிற வேலையைப் பார்” என்று வாயை அடைக்காதீர்கள். ஷூ கம்பெனிகளில் மேற்பார்வை செய்யும் சகோதரர்களே, இந்த வாரம் நீங்கள் போடும் உற்பத்தித் திட்டத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒருமுறை எழுந்து போய்வர எத்தனை நிமிடம் விட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்களும் அவ்வாறே பாருங்கள். கல்வாரியில் போர்ச் சேவகர் நம் ஆண்டவருடைய அங்கிக்குச் சீட்டுப் போட்டார்கள். அங்கி யாருக்கு என்பதே அவர்களுக்கு இருந்த கவலை. அது யாருடையது என்று நிமிர்ந்து பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. நமக்கு நேரம் இருக்கிறது. பார்ப்போமாக.