எல்லாம் சரியான பிறகு

கஷ்டம் தீர்ந்த பிறகு அழுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கடன் அடைந்துவிட்டது. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். அதுவரை கல்லாய் நின்றவர் அன்றைக்குத்தான் உடைகிறார். அவரைப் பலவீனமானவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒரு பிசின்கூட அப்படித்தான் நடந்துகொள்கிறது. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஆந்த்ரே கோவாக்ஸ் என்ற விஞ்ஞானி பாலிவினைல் அசிடேட்டை வைத்துச் செய்த சோதனை ஒன்று 1963-இல் வெளிவந்தது. தச்சர்கள் மரம் ஒட்டும் வெள்ளைப் பசைக்கு அடிப்படையான பொருள் அது. 40 டிகிரி செல்சியஸில் இருந்ததைச் சட்டென்று 10 டிகிரிக்குக் குளிர்வித்தார். 160 மணி நேரம் அப்படியே கிடந்தது. பிறகு 30 டிகிரிக்குக் கொண்டுவந்தார். அந்தச் சூட்டில் அதன் கன அளவு எவ்வளவு இருக்க வேண்டுமோ, சரியாக அவ்வளவே இருந்தது. இனி அசைய வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அசைந்தது. மெல்ல உப்பியது, ஓர் உச்சத்தைத் தொட்டது, பிறகு தானாகவே அடங்கி, இருக்க வேண்டிய அளவுக்கு வந்து சேர்ந்தது.

ஏன்? ஒழுங்கில்லாமல் உறைந்த பொருளில் சில பகுதிகள் சீக்கிரம் மாறிக்கொள்ளும், சில பகுதிகள் வெகு நிதானம். குளிரில் சீக்கிரமானவை அளவுக்கு மீறி இறுகிவிட்டன. நிதானமானவை இன்னும் இறுகி முடியவில்லை. இரண்டையும் கூட்டினால் கணக்கு சரி. உள்ளேயோ எதுவும் சரியாக இல்லை. சூடு கிடைத்ததும் முதலில் தளர்வது, அதிகம் இறுகியதுதான். அந்தத் தளர்ச்சியே உப்பலாகத் தெரிகிறது. மற்றவை தம் வேகத்தில் வந்து சேரும்போது அடங்குகிறது.

இதே சோதனையில், 10 டிகிரிக்குப் பதிலாக 25 டிகிரியில் கிடந்த துண்டு கொஞ்சமாகத்தான் உப்பியது. 10 டிகிரியில் கிடந்ததோ நன்றாகவே உப்பியது. பட்ட குளிர் கடுமையானால் உப்பலும் பெரிது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனம் கனிகிறது.

"இவ்வளவு நாள் தைரியமாக இருந்தாயே, இப்போது என்ன வந்தது?" என்று கேட்கிறோம். இப்போதுதான் இதம் வந்தது. அதனால்தான்.

இன்று உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் காரணம் கேட்காதீர்கள், அவகாசம் கொடுங்கள். அந்த ஒருவர் நீங்களே என்றால், உங்களுக்கும் கொடுத்துக்கொள்ளுங்கள்.